பாக்கெட் மணிக்கும் கணக்கு உண்டு! பைபிள் சொல்லித்தரும் பணப்பாடம்

மாதத்தின் முதல் வாரம் பிரியாணி, கடைசி வாரம் பன்னும் டீயும். ஹாஸ்டல் மாணவர்கள் பலருக்கு இதுதான் பட்ஜெட். முன்பெல்லாம் கையில் காசு தீர்ந்தால் செலவும் நின்றுவிடும். இப்போது அப்படியில்லை. கடன் ஆப், கிரெடிட் கார்டு, இ.எம்.ஐ என்று செல்போனுக்குள்ளேயே வட்டிக்கடை திறந்திருக்கிறது.

கிறிஸ்தவ வீடுகளில் சிறு வயதிலேயே காணிக்கை போடப் பழக்கிவிடுகிறார்கள். மீதிப் பணத்தை என்ன செய்வது என்று சொல்லித்தருபவர்கள் குறைவு. ஆனால், பைபிளைப் பொறுத்தவரை மனிதர் பணத்துக்கு உரிமையாளர் அல்ல, உக்கிராணக்காரர். அதாவது, கடவுள் ஒப்படைத்ததைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர். தசமபாகமான பத்தில் ஒன்றுக்கு மட்டுமல்ல, மீதி ஒன்பதுக்கும் கணக்கு உண்டு.

28 பவுண்டில் ஒரு வாழ்க்கை

இதற்கு நல்ல உதாரணம், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1947-ல் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த சபைகளில் மெதடிஸ்டு சபையும் ஒன்று. வெஸ்லியின் அப்பா இங்கிலாந்தில் போதகர். 1705-ல் கடனைக் கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். அப்போது ஜானுக்கு இரண்டு வயது.

ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் வெஸ்லியின் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்து, 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தார். மறு ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் செலவு 28 தான். 32 பவுண்டு ஏழைகளுக்குப் போனது. 90 வந்தபோது கொடுத்தது 62.

வருமானம் கூடினால் செலவும் கூடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முதல் சம்பளம் வாங்கப்போகும் கடைசி வருட மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

கோபுரம் கட்டும் முன்

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டதாக லூக்கா நற்செய்தி சொல்கிறது. புது போனுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். மாதம் 3 சதவிகித வட்டி என்றால் சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 36 சதவிகிதம்!

கொரிந்து சபையாருக்கு எழுதும்போது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி ஒரு தொகையை எடுத்துவைக்கச் சொல்கிறார் பவுல். மாணவர்களுக்கும் இது நல்ல வழி. ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வார யு.பி.ஐ செலவுகளைப் பார்த்தாலே பணம் எங்கே போகிறது என்று புரிந்துவிடும். மாதம் 100 ரூபாய் இருந்தால் அஞ்சலகத்தில் ஆர்.டி தொடங்கலாம். தொகை பெரிதல்ல, பழக்கம்தான் பெரிது.

நண்பனுக்கு ஜாமீனா?

அடுத்தவர் கடனுக்குப் பிணை நிற்பதைப் பற்றி நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. இன்று அது வேறு உருவத்தில் வருகிறது. ‘உன் பான் கார்டைக் கொடு மச்சி, லோன் எடுத்துட்டு நானே கட்டிடறேன்’ என்று நண்பன் கேட்பான். அவன் கட்டாவிட்டால் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்’ என்று யாராவது கேட்டால் இன்னும் ஆபத்து. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு வைத்திருப்பவரைத்தான். நண்பனுக்கு உதவ வேண்டுமா? கையில் இருப்பதைக் கொடுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அப்பா பணத்தில் காணிக்கையா?

சொந்த வருமானம் இல்லாத மாணவர் காணிக்கை கொடுக்க வேண்டுமா? கொடுக்கலாம். ஆனால், ஃபீஸ் கட்ட அனுப்பிய பணத்திலிருந்து அல்ல, கடன் வாங்கியும் அல்ல. தன் செலவுக்கென்று வந்ததில் ஒரு சினிமாவையோ பீட்சாவையோ விட்டுக்கொடுத்து மிச்சப்படுத்தியதைக் கொடுத்தால், அது உண்மையிலேயே அவருடைய காணிக்கை. இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு பாராட்டியது தொகைக்காக அல்லவே! ‘நூறு கொடுத்தால் ஆயிரமாகத் திரும்பும்’ என்று யாராவது ஆசை காட்டினால் அங்கே கவனம் தேவை. கொடுப்பது அன்பு, அது முதலீடு அல்ல.

பெற்றோருக்கு ஒரு வேலை

இந்தப் பாடத்தைக் கல்லூரி நடத்தும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டின் வருமானம், கடன், மாதத் தவணை எவ்வளவு என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கல்விக்கடன் வாங்கியிருந்தால், படிக்கும் காலத்திலும் பொதுவாக வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை தப்பாக லோன் எடுத்துவிட்டது தெரிந்தால், திட்டுவதற்கு முன் உட்கார்ந்து மொத்தக் கடனையும் எழுதுங்கள். வீட்டில் சொல்லப் பயந்துதான் பல பிள்ளைகள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறார்கள்.