புலாவ் உபினில் ஒரு சைக்கிள் சுற்று

விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் லிட்டில் இந்தியாக் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். அந்நகரைச் சேர்ந்த புலாவ் உபின் தீவில் இன்னும் கிராமம் இருக்கிறது.

சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். இறங்கிய இடத்திலேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கும். இரண்டு பிரேக்கையும் சோதித்த பிறகே ஏறுங்கள். இறக்கத்தில் நம் உடற்பாரம் முன்சக்கரத்தில் விழும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் குப்புற விழுவோம். ஆகவே இரண்டையும் மெல்லப் பிடிக்க வேண்டும். குடிதண்ணீரும் அவசியம்.

முதலில் கிழக்கே செக் ஜாவா. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மண்ணிட்டு மூடவிருந்த இக்கடற்கரை, மக்கள் எடுத்துச் சொன்னதால் 2001இல் தப்பியது.

திரும்பி மேற்கே மிதித்தால், நீர் நிரம்பிய கற்குழிகள். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்துக்கு இங்கிருந்தும் கருங்கல் போயிற்று. கடைசிக் குழி 1999இல் மூடப்பட்டது.

வழியெங்கும் காடு. ஒரு காலத்தில் இங்கும் பால்மரம் வெட்டினார்கள். தோட்டம் போன பின்னும் உழைத்தவர் கதை மிஞ்ச வேண்டுமல்லவா? பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டே மிதிப்போம்.