பாதிக் கிணறு தாண்டும் கார்கள்

சாலை விபத்துகளுக்கு மனிதத் தவறே முதன்மைக் காரணம் என்று பள்ளிநாள் முதல் கேட்டு வருகிறோம். தூக்கக் கலக்கம், மது, அவசரம், கவனக்குறைவு என அப்பட்டியல் நீளும். இயந்திரம் தூங்காது, மது அருந்தாது. ஆகவே, காரோட்டும் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் விபத்துகள் குறையும் என்பது இயல்பான எதிர்பார்ப்பே. ஆனால், பொறுப்பைப் பாதி மட்டும் ஒப்படைத்தால் என்னவாகும்? இக்கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது.

ஆறு படிகள்

‘தானாக ஓடும் கார்’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எஸ்.ஏ.இ. எனப்படும் அனைத்துலகப் பொறியாளர் அமைப்பு, 2014ஆம் ஆண்டில் இதனைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு படிகளாக வகுத்தது. சுழியத்தில் மனிதனே ஓட்டுகிறான். இயந்திரம் எச்சரிக்கை செய்யலாம், ஆபத்து நேரத்தில் பிரேக் போடலாம். முதற்படியில் வேகம், ஸ்டியரிங் ஆகிய இரண்டில் ஒன்றை இயந்திரம் கவனிக்கிறது. இரண்டாம் படியில் இரண்டையும் கவனிக்கிறது. ஆனால், மனிதன் இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். மூன்றாம் படியில் குறிப்பிட்ட சூழலில் இயந்திரமே ஓட்டும். அழைத்தால் மனிதன் பொறுப்பேற்க வேண்டும். நான்காம் படியில், வரையறுத்த பகுதிக்குள் மனிதத் துணையே தேவையில்லை. எங்கும் எப்போதும் தானே ஓடும் ஐந்தாம் படிக் கார் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

டெஸ்லா நிறுவனத்தின் ‘ஆட்டோபைலட்’ இரண்டாம் படியைச் சேர்ந்தது. பெயரோ அதற்கும் மேலே ஏறி நிற்கிறது. அந்நிறுவனத்தின் ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ வசதியின் பெயரோடு ‘கண்காணிப்புடன்’ என்னும் பொருள்தரும் சொல் 2024இல்தான் சேர்க்கப்பட்டது.

37 நிமிடங்களில் 25 விநாடிகள்

2016 மே 7ஆம் நாள், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்னும் ஊருக்கு அருகில், ஆட்டோபைலட் இயங்கிய நிலையில் ஒரு டெஸ்லா கார் மணிக்கு ஏறத்தாழ 119 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. எதிர்த்திசையில் வந்த நீண்ட லோரி ஒன்று குறுக்கே திரும்பியது. காரும் பிரேக் போடவில்லை, காரோட்டியும் போடவில்லை. லோரியின் அடியில் புகுந்த காரில் இருந்தவர் உயிரிழந்தார்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதனை விசாரித்தது. வழிவிடாத லோரி ஓட்டுநரின் மீது அது குறை கண்டது. இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பிய காரோட்டியின் மீதும் குறை கண்டது. அத்தோடு, நெடுநேரம் கவனமின்றி இருக்க இடமளித்த காரின் வடிவமைப்பையும் சுட்டிக்காட்டியது. அப்பயணத்தில் ஆட்டோபைலட் இயங்கிய 37 நிமிடங்களில் காரோட்டியின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்ததாக உணரப்பட்டது வெறும் 25 விநாடிகள்தாம்! 2019 மார்ச் 1ஆம் நாள், அதே மாநிலத்தின் டெல்ரே பீச்சில் இதேபோன்ற விபத்து மீண்டும் ஓர் உயிரைப் பறித்தது.

இயந்திரத்தின் கண்

இவ்வளவு பெரிய லோரி எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். கேமரா தனக்குக் கற்பிக்கப்பட்ட வடிவங்களையே அடையாளம் காணும். வில்லிஸ்டன் காரில் இருந்த அமைப்பு, குறுக்கே கடக்கும் வாகனங்களைக் கண்டறிவதற்காக வடிவமைக்கப்பட்டதே அன்று. ரேடாருக்கு வேறு சிக்கல். சாலையோரப் பலகை, பாலம், தடுப்புச் சுவர் என அசையாத பொருள்கள் எல்லாவற்றிலும் பட்டு அலைகள் திரும்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் நகரவே முடியாது. ஆகவே, அசையாத பொருள்கள் பலவற்றைக் கணினி புறக்கணிக்கிறது. சாலை நடுவே பழுதாகி நிற்கும் வாகனமும் அக்கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்.

மனிதனின் கண்

இயந்திரம் தவறும்போது மனிதன் காப்பான் என்பதே இரண்டாம் படியின் அடிப்படை. ஆனால், சும்மா இருந்து கண்காணிப்பது மனிதனுக்கு மிகக் கடினமான வேலை. ரேடார் திரையைக் கண்காணிப்போரைப் பற்றி ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மெக்வொர்த், அரை மணி நேரத்திலேயே கவனம் குறைவதை 1948இல் வெளியிட்டார். எளிய வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுக் கடினமான தருணங்களை மட்டும் மனிதனிடம் விட்டுவைக்கும் முரணை, லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பழக்கம் விட்டுப்போன கையிடம்தான் நெருக்கடி வந்து சேர்கிறது.

2018 மார்ச் 18ஆம் நாள், அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணியை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கார் அவரை உணர்ந்துவிட்டது. எனினும் வாகனம், இனந்தெரியாத பொருள், சைக்கிள் என மாற்றி மாற்றி வகைப்படுத்தியதில் நேரம் கரைந்தது. காரோடு வந்த அவசர பிரேக்கோ, ஊபரின் கணினி ஓட்டும்போது செயல்படாதவாறு நிறுத்தப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் பார்வை கைத்தொலைபேசியில் இருந்தது.

யாருக்கு யார் துணை?

இவற்றால் தொழில்நுட்பமே தீது என முடிவு கட்டலாகாது. தானியங்கி அவசர பிரேக், முன்செல்லும் வாகனத்தின் பின்புறம் மோதும் விபத்துகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே மனிதன் ஓட்டுகிறான். இயந்திரம் துணை நிற்கிறது. இரண்டாம் படியில் இந்த உறவு தலைகீழாகிறது. இயந்திரம் ஓட்ட, மனிதன் துணை நிற்கிறான். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் இரண்டு விநாடியில் 61 மீட்டரைக் கடந்துவிடும். தலைநிமிர்ந்து நிலைமையை உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

காரோட்டியின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதவில்லை என்பதால், 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் மென்பொருள் திருத்தத்திற்கு உட்படுத்தப்பட்டன. ஸ்டியரிங்கில் கை இருப்பதை மட்டும் உணர்வது போதாது. கண் எங்கே பார்க்கிறது என்பதையும் அறியவேண்டும்.

நம் சாலைகளில்

இது நமக்கும் தொலைவில் இல்லை. 2017இல் வெளிவந்த பெரோடுவா மைவியின் உயர்வகையில் அவசர பிரேக் இருந்தது. 2021இல் மேம்படுத்தப்பட்ட மைவியின் உயர்வகையில் தடத்திலேயே செலுத்தும் வசதியும், முன்வாகனத்திற்கேற்ப வேகத்தைச் சீராக்கும் வசதியும் சேர்ந்தன. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். மெலிந்த உருவம், ஒற்றை விளக்கு, தடங்களுக்கிடையே நுழையும் ஓட்டம் ஆகியவை கேமராவுக்குச் சோதனையானவை. இரவும் கனமழையும் அச்சோதனையைக் கூட்டுகின்றன. ஆசியான் கார் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டம் 2021 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பைத் தனிப் பிரிவாகச் சேர்த்தது இதனால்தான் பொருத்தமாகிறது.

பட்டம் பெற்று, வேலையில் அமர்ந்து, முதல் கார் வாங்கப்போகும் நண்பர்களே! விற்பனையாளரிடம் வட்டி விகிதத்தைக் கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: ‘இந்தக் கார் எதைப் பார்க்காது?’ கையேட்டில் அதற்கான விடை சிறிய எழுத்துகளில் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். பாதிக் கிணறு தாண்டும் காரில், மீதிக் கிணற்றைத் தாண்டவேண்டியவர் நீங்கள்தாம்.