வீட்டிலேயே மோட்டார் இன்ஜினை ‘போர்-அப்’ செய்யலாமா? பிளாக் வாங்குமுன் இந்தக் கணக்கைப் பாருங்க

சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறுகிறது. பக்கத்தில் நின்றதும் உங்களுடையதைப் போலவே ஒரு யமாஹா ஒய்15. அதே நிறம், அதே டயர். ஆனால் அது கிளம்பிய வேகத்தில் உங்கள் மோட்டார் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை எடுத்து ‘62 பிளாக்’ என்ன விலை என்று தேட ஆரம்பிக்கிறீர்கள். போர்ச்சில் மோட்டார், ஒரு சாக்கெட் செட், உதவிக்கு இரண்டு நண்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. போதாதா?

கழற்றி மாட்டுவதற்கு அது போதும்தான். கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு பிளாக்கை மாற்றினால் கூடவே என்னென்ன மாறுகிறது என்பது பெட்டியின் மேல் எழுதியிருக்காது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சிசி எப்படிக் கூடுகிறது?

ஒய்15இசட்ஆர் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 57 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 58.7 மி.மீ. வட்டத்தின் பரப்பளவை உயரத்தால் பெருக்கும் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 149.8 சிசி வரும். புத்தகத்தில் இருக்கும் எண் அதுதான்.

இப்போது விட்டத்தை மட்டும் 62 மி.மீ. ஆக்குங்கள். கூட்டியது வெறும் 5 மி.மீ. ஆனால் விடை சுமார் 177 சிசி. 65 மி.மீ. என்றால் 195 சிசி பக்கம் போய்விடும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால்தான் இப்படி. அதனால்தான் இந்த வழி இவ்வளவு பிரபலம்: கிராங்கைத் தொடாமலேயே 18 விழுக்காடு பெரிய இன்ஜின் கிடைத்துவிடுகிறது.

பழைய கப்சாய்களில் இருப்பது இரும்பு ஸ்லீவ் என்பதால், அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையைப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஒய்15-இல் அது நடக்காது. அதன் சிலிண்டர் சிலிக்கன் கலந்த அலுமினிய வார்ப்பு. தனி ஸ்லீவே கிடையாது. ஆகவே முழு பிளாக்கையும் மாற்ற வேண்டியதுதான். கடைகளில் ‘செராமிக் பிளாக்’ என்று விற்பது இதற்காகத்தான்.

யாரும் சொல்லாத எண்

உங்களிடம் கிட் விற்பவர் 177 சிசி என்று சொல்வார். அழுத்த விகிதம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே வந்த காற்றும் பெட்ரோலும், பிஸ்டன் மேலே வரும்போது எத்தனை மடங்கு நெரிக்கப்படுகிறது என்பதே அழுத்த விகிதம். ஒய்15-க்கு அது 10.4. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 16 சிசி. ஹெட்டை மாற்றாமல், தட்டையான தலை உள்ள 62 மி.மீ. பிஸ்டனைப் போட்டால், 177 சிசி காற்று அதே 16 சிசி இடத்துக்குள் போயாக வேண்டும். விகிதம் ஏறக்குறைய 12 ஆகிவிடுகிறது.

பந்தய இன்ஜினுக்கு 12 சர்வசாதாரணம். ஆனால் நீங்கள் போடுவது ரோன் 95. அழுத்தம் ஏற ஏற, ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுத்த பிறகு எரியாமல் மிஞ்சியிருக்கும் கலவை சூட்டில் தானாகவே வெடிக்கப் பார்க்கும். மேட்டில் ஏறும்போது ‘டக டக’ என்று உலோகத்தைத் தட்டுவதுபோல் கேட்கும் சத்தம் அதுதான். ஆங்கிலத்தில் ‘நாக்கிங்’. சில வாரம் அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம். ரோன் 97-க்கு மாறலாம். அதன் விலை உங்களுக்குத் தெரியும். தலையில் குழிவு உள்ள பிஸ்டனையோ ஹெட் வேலையையோ தேர்ந்தெடுத்தும் விகிதத்தைக் குறைக்கலாம். எப்படியானாலும், கிட் வாங்குமுன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இடையில் ஒன்று. இன்ஜினில் எதுவும் மாற்றாமல், ‘பவர் வரும்’ என்று ரோன் 97 மட்டும் போட்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் அல்ல. தானாக வெடிக்காமல் தாங்கும் குணம். 10.4 விகிதத்தில் ஒழுங்காக ஓடும் இன்ஜினுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

இன்ஜின் புதுசு, மூளை பழசு

ஒய்15 கார்புரேட்டர் மோட்டார் அல்ல. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்வது இசியூ எனும் சிறு கணினி. அதன் உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது: இவ்வளவு ஆர்பிஎம், இவ்வளவு திராட்டில் என்றால் இவ்வளவு பெட்ரோல். அந்த அட்டவணை 150 சிசிக்காக எழுதப்பட்டது.

மெதுவாக ஓட்டும்போது எக்ஸோஸ்ட்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பார்த்துக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். முழு திராட்டில் திறந்ததும் இசியூ அட்டவணையை நம்பித்தான் ஓடும். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவுதான். கலவை மெலிகிறது, சூடு ஏறுகிறது. நீங்கள் ரசித்து முறுக்கும் அந்த நேரத்தில்தான் இன்ஜினுக்கு ஆபத்து அதிகம்.

அதனால் போர்-அப் செய்தால் இசியூ டியூனிங் கட்டாயம். பெரிய இன்ஜெக்டரும் தேவைப்படலாம். டைனோ இயந்திரத்தில் ஏற்றி, கலவையை அளந்து பார்த்துச் செய்யும் வேலை அது. போர்ச்சில் நடக்காது. பிளாக்கின் விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். டியூனிங், கிளட்ச் ஸ்பிரிங், கேஸ்கெட் செட், எண்ணெய் எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு வேறு மாதிரி வரும். போதாததற்கு, ரேடியேட்டர் அதே பழைய ரேடியேட்டர். கிராங்க் பேரிங்கும் அதேதான். கூடுதல் சூட்டையும் அடியையும் அவைதான் தாங்க வேண்டும்.

போர்ச்சில் எங்கே சறுக்குகிறது?

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ அதைச் சொல்ல முடியாது. மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வேண்டும். கிட் பெட்டியில் ‘அளந்து அனுப்பியது’ என்று போட்டிருந்தாலும் அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். இறுக்கமாக இருந்தால் முதல் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். 90 கி.மீ. வேகத்தில் இன்ஜின் திடீரென்று பூட்டிக்கொண்டால் பின் சக்கரமும் நின்றுவிடும். கிளட்ச் பிடிக்கக் கிடைப்பது ஒரு விநாடிகூட இல்லை.

இரண்டாவது, கிராங்க்கேஸ். பெரிய பிளாக்கின் கீழ்ப்பகுதி உள்ளே நுழையக் கிராங்க்கேஸ் வாயைக் கடைய வேண்டியிருக்கலாம். கிரைண்டரை வைத்து அங்கேயே ‘கொஞ்சம் தேய்த்துவிடலாம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அலுமினியத் தூள் உள்ளே விழுந்து, எண்ணெயோடு கலந்து, பேரிங் வரைக்கும் போய்விடும். அந்த வேலைக்கு இன்ஜினை முழுவதும் பிரித்தாக வேண்டும். குறுக்கு வழி இல்லை.

பிறகு டைமிங் செயின். கேம் ஸ்பிராக்கெட்டின் குறி ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால்கூட, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தொடுமுன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது முட்டினால் நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் வால்வை வளைத்துக்கொண்டவர்களை எந்த மோட்டார் கடை அண்ணனிடம் கேட்டாலும் சொல்வார்.

சரி, எவ்வளவு வேகம் கிடைக்கும்?

கிளம்பும்போதும் முந்தும்போதும் வித்தியாசம் தெரியும். அதை மறுக்க முடியாது. நல்ல டியூனிங்கோடு இழுவிசை 15, 18 விழுக்காடு கூடினால் 60-லிருந்து 90-க்குப் போவது சுறுசுறுப்பாகவே இருக்கும்.

உச்ச வேகம் வேறு கதை. காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. சக்தி 18 விழுக்காடு கூடினால் வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடுதான் கூடும். 120 போன மோட்டார் 127 போகும். அவ்வளவுதான். நம் நெடுஞ்சாலைகளில் உச்சவரம்பே 110. அந்த 7 கி.மீ.க்கு, பிரேக் போடும்போது அடக்க வேண்டிய ஆற்றல் 12 விழுக்காடு கூடுகிறது. பிரேக் டிஸ்க்கும் டயரும் அதே பழையவைதான். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஜேபிஜே, ரோடு டேக்ஸ், காப்புறுதி

உங்கள் கெரானில் இன்ஜின் கொள்ளளவு 150 சிசி என்று இருக்கிறது. 150 சிசி வரையிலான மோட்டாருக்கு ரோடு டேக்ஸ் 2 ரிங்கிட். 151 முதல் 200 சிசி வரை 30 ரிங்கிட். ‘வெறும் 28 ரிங்கிட் வித்தியாசம்தானே, கட்டிவிடலாம்’ என்று தோன்றும். பிரச்சினை பணத்தில் இல்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட வாகனத்தின் விவரங்கள் மாறினால் ஜேபிஜேக்குத் தெரிய வேண்டும். இன்ஜின் போன்ற மாற்றங்களுக்கு அனுமதியும் புஸ்பாகம் பரிசோதனையும் உண்டு. இணையத்தில் வாங்கிய கிட்டை மாட்டிவிட்டு, பிறகு போய் அனுமதி கேட்பது நடைமுறையில் எளிதல்ல. அனுமதி இல்லாமல் ஓட்டிச் சோதனையில் மாட்டினால் சம்மன் வரும். மோட்டாரையே இழுத்துக்கொண்டு போகவும் கூடும்.

காப்புறுதியில்தான் உண்மையான அடி. பாலிசி எடுத்தது 150 சிசி மோட்டாருக்கு. விபத்துக்குப் பிறகு வரும் மதிப்பீட்டாளர் 62 மி.மீ. பிளாக்கைப் பார்த்தால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் நிராகரிக்கலாம். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்களிடமே திரும்பக் கேட்கவும் வழியிருக்கிறது. உணவு விநியோக வேலைக்கு ஓட்டும் மோட்டார் என்றால் இன்னும் யோசியுங்கள். இன்ஜின் நின்ற ஒவ்வொரு நாளும் சம்பளம் இல்லாத நாள்.

சிங்கப்பூரில் இதைப் படிப்பவர்களுக்கு விதி இன்னும் கண்டிப்பு. 2பி உரிமம் 200 சிசி வரைதான். போர்-அப் செய்து அந்தக் கோட்டைத் தாண்டினால், உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகிவிடும். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் நம்மவர்களும், அந்தப் பக்கம் இறங்கியதும் அங்குள்ள சாலை விதிக்கு உட்பட்டவர்கள்தான்.

அப்போ வீட்டில் எதைத்தான் செய்வது?

நிறைய இருக்கிறது. பெரும்பாலும் ‘பவர் குறைஞ்சிருச்சு’ என்று சொல்லப்படும் மோட்டாரில், குறைந்தது பராமரிப்புதான்.

ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள், விலை சில ரிங்கிட்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள்: வெளிர் பழுப்பு என்றால் நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெந்திருந்தால் கலவை மெலிந்து சூடேறுகிறது. திரும்பப் போடும்போது முதலில் கையால் திருகுங்கள். சாவியால் அவசரப்பட்டு முறுக்கி ஹெட்டின் மரையைக் கெடுத்த அனுபவம் எனக்கே உண்டு.

வால்வு இடைவெளியைப் பலர் மறந்தே போகிறார்கள். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் வைத்து, உங்கள் மோட்டாரின் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். திராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது, கூலன்ட், செயின் தொய்வு, டயர் காற்று எல்லாம் சேர்ந்தால் வாங்கிய புதிதில் இருந்த இழுவை கொஞ்சம் திரும்பி வரும்.

மோட்டாரின் குணத்தை மாற்றிப் பார்க்க ஆசையா? ஸ்பிராக்கெட் இருக்கிறது. முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால் விகிதம் 3. முன்னால் 15 போட்டால் 2.8. அதே ஆர்பிஎம்மில் 7 விழுக்காடு வேகமாகப் போகும். நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாது. பதிலுக்குக் கிளம்பும்போது இழுவை அதே அளவு குறையும். தினமும் சமிக்ஞை விளக்குகளுக்கு நடுவே ஓட்டுபவர் என்றால் எதிர்ப்பக்கமாக யோசியுங்கள்: பின்னால் 44. பிடிக்கவில்லையா, பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம்.

பந்தயம்தான் வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. 1994 முதல் நடக்கும் மலேசிய கப் பிரிக்ஸில் ஓடுபவை இதே கப்சாய் இனம்தான். 2018-இல் மோட்டோ ஜிபி வரை போன ஹஃபிஸ் ஷாரினும் அங்கே ஓட்டியவர். அந்த இன்ஜின்களை அடிக்கடி பிரித்து, அளந்து, பாகங்களை மாற்றுகிறார்கள். மறுநாள் காலை அதில் வேலைக்குப் போவதில்லை.

கடைசியாக, பழைய ஒய்15 வாங்கப்போகிறவர்களுக்கு. இன்ஜின் எண் கிராங்க்கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கும், பிளாக்கில் இல்லை. அதனால் கெரானில் உள்ள எண் சரியாகப் பொருந்தினாலும் உள்ளே 62 பிளாக் இருக்கலாம். கேஸ்கெட் ஓரத்தில் சீலண்ட் பிதுங்கியிருக்கிறதா, ஹெட் போல்ட்டுகளில் சாவித் தழும்பு இருக்கிறதா, பிளாக்கின் வார்ப்பு நிறம் கிராங்க்கேஸோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் ‘பிளாக் ஸ்டாக்கா?’ என்று நேராகவே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் தெரிந்த போர்மன் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.