பால் டின்னும் பன்னாட்டுச் சட்டமும்

சென்ற தவணையில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டில் தேநீர் கலக்கப் பயன்படும் பால் டின் காலியானதும், அதன்மேல் ஒட்டியுள்ள காகிதத்தைப் பக்குவமாக உரித்துக் கொண்டுவர வேண்டும் என்பதே அது. பதினொரு காகிதங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் அச்சிட்டிருப்பதை உரக்கப் படிக்கச் சொன்னேன். பெரும்பாலானவற்றில் பொருளின் பெயர் பால் என்று இல்லை. ‘கிரீமர்’ என்றே இருந்தது. உட்பொருள்களில் சீனியும் செம்பனை எண்ணெயும் முன்வரிசையில் நின்றன. “அப்படியானால் வீட்டில் எல்லோரும் ஏன் சார் இதைப் பால் என்கிறார்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு முழு விடை கூறப் புகுந்தால், மருத்துவம், கல்வி, அனைத்துலக வாணிபச் சட்டம் ஆகிய மூன்று துறை அறிஞர்களையும் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. குழந்தை உணவைப் பற்றிய ஆராய்ச்சி இம்மூன்று துறைகளிலும் தனித்தனியே வளர்ந்து, அண்மைக் காலத்தில் ஓரிடத்தில் வந்து கூடியிருக்கிறது. அவ்வரலாற்றின் முதல் அதிகாரங்களுள் ஒன்று நம் வட்டாரத்தில் எழுதப்பட்டது என்பதை நம்மவர் பலர் அறியார்.

டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1893-இல் ஜமேக்காவில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்றவர். மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் (இன்றைய கானா) பணியாற்றியபோது, கை கால் வீங்கி, தோல் உரிந்து மடியும் குழந்தைகளின் நோயை ஆராய்ந்து 1933-இல் எழுதினார். 1935-இல் அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரையே சூட்டி ‘குவாஷியோர்க்கர்’ என்று ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் கருத்து. பெயரிலேயே காரணமும் அடங்கியிருந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் அதை ஏற்கத் தயங்கினர். அவ்வூர்ப் பாட்டிமார்களோ முன்பே அறிந்திருந்தனர்!

1936-இல் அம்மையார் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே அவர் கண்டது வேறொரு காட்சி. தாய்ப்பால் சுரக்கும் தாய்மாரிடம், தாதியரைப் போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் வந்து, சீனி கலந்த டின் பாலே குழந்தைக்கு ஏற்றது என்று சொல்லி விற்றனர். அப்பாலில் சீனி மிகுதி, உயிர்ச்சத்துக்கள் குறைவு. அதைக் கலக்கும் தண்ணீரும் பாட்டிலும் தூய்மையாக இருப்பது அரிது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேச அழைத்தபோது, தம் உரைக்கு அவர் இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பது. தவறான பிரசாரத்தால் நேரும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்று, வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில் அவர் துணிந்து கூறினார்.

போர் வந்தது. அம்மையார் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டிருந்தார். அங்கே இருபது குழந்தைகள் பிறந்ததாகவும், இருபதும் தாய்ப்பால் குடித்து இருபதும் பிழைத்ததாகவும் பின்னாளில் அவர் சொல்வதுண்டு. போருக்குப் பின் 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பகுதிக்கு முதல் தலைவரானார். அவருடைய 1939-ஆம் ஆண்டு உரை நூலாக அச்சேறியது 1986-இல், நம் பினாங்கில். அப்போது அங்கு இயங்கிய அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்பு அதனை வெளியிட்டது.

அம்மையார் கண்ட காட்சியில் தோட்டத்துப் பக்கம் ஒன்றும் உண்டு. இருள் பிரியாத வேளையில் பெரட்டுக்குப் போகும் தாய், பால் குடிக்கும் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள்; வெட்டு முடிந்து பால் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்வரை குழந்தை என்ன குடிக்கும்? டின் பாலைச் சுடுநீரில் கரைத்து ஊட்டியதாக என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாய்ப்பால் உயர்ந்தது என்பதை அவர் அறியாமலா இருந்தார்? நன்றாக அறிந்திருந்தார். மார்பு கட்டிக்கொண்டு வலிக்க, மரம் மரமாக நடந்தவர் அவர். ‘அறியாமையே காரணம், தாய்மாருக்குக் கற்பித்தால் போதும்’ என்று எழுதுவோரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவே வருகிறது.

எனினும், கல்விக்குப் பங்கே இல்லை என்று கூறவும் இயலாது. இதைப் பற்றிய சிறந்த ஆராய்ச்சி பெலாரஸ் நாட்டில் 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த டாக்டர் மைக்கேல் கிரேமரும் அவருடைய குழுவினரும் 31 மகப்பேற்று மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் மருத்துவர்க்கும் தாதியர்க்கும் தாய்ப்பால் ஊட்டத் துணைபுரியும் முறைகளில் பயிற்சி அளித்தனர். மறு பகுதியில் வழக்கம்போல் பணி நடந்தது. கவனிக்க: கற்பித்தது முதற்கண் தாய்மாருக்கு அன்று, அவர்களைச் சூழ்ந்திருந்த ஊழியர்க்கு. ஏறத்தாழ 17,000 குழந்தைகள் இவ்வாராய்ச்சியில் இடம்பெற்றனர். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள், பயிற்சி பெற்ற பகுதியில் நூற்றுக்கு 43. மற்றதில் நூற்றுக்கு 6. முதலாண்டில் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகள் முறையே நூற்றுக்கு 9, நூற்றுக்கு 13.

அக்குழந்தைகளை ஆறரை வயதில் மீண்டும் சோதித்தனர். பள்ளி ஆசிரியர்களிடமே மதிப்பீடு கேட்டனர். வாசிப்பிலும் எழுத்திலும் முதற் பகுதிக் குழந்தைகள் உயர்ந்து நின்றனர். சொல்லறிவுச் சோதனையிலும் வேறுபாடு தெளிவாக இருந்தது. இதைக் கேட்டதும் மகிழ்ந்து துள்ளிவிடக் கூடாது. பதினாறு வயதில் பார்த்தபோது அவ்வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது; சொல்லறிவில் மட்டும் சிறிதே எஞ்சியது. இடையில் பள்ளியும் வீடும் செய்த வேலை அது என்று நான் கருதுகிறேன். ஆனால் வயிற்றுப்போக்குக்குப் பலியாகும் குழந்தைக்குப் பதினாறு வயது வருவதில்லை. தாய்ப்பால் ஊட்டுதல் உலகெங்கும் பரவினால் ஆண்டுக்கு 823,000 குழந்தைகளின் உயிர் காக்கப்படும் என்று 2016-இல் ‘லான்செட்’ இதழ் கணக்கிட்டது.

இனி டின்னின் மேலுள்ள காகிதத்துக்கு வருவோம். லாவோஸ் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அங்கே விற்பனையாகிய காப்பிக் கிரீமர் டின் ஒன்றில், தாய்க்கரடி தன் குட்டியை மார்போடு அணைத்திருக்கும் சின்னம் இருந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றன்று என்ற எச்சரிக்கையும் டின்னில் அச்சிடப்பட்டிருந்தது. ஆராய்ச்சியாளர் 1,098 பேரைக் கேட்டனர். நூற்றுக்கு 96 பேர் டின்னில் இருப்பது பால் என்றே நம்பினர். நூற்றுக்கு 46 பேர், கரடிச் சின்னம் இருப்பதால் அது குழந்தைக்கோ தாய்ப்பாலுக்கு மாற்றாகவோ செய்யப்பட்டது என்று எண்ணினர். எச்சரிக்கையைப் படிக்காதவர் நூற்றுக்கு 80 பேர். தம் குழந்தைக்கு அதையே கொடுத்தவர் நூற்றுக்கு 18 பேர். எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொன்னது. மக்கள் படத்தையே படித்தனர். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இது வியப்பளிக்காது. எழுத்தறியாக் குழந்தையும் படம் பார்க்கும்.

படத்தை மாற்றச் சட்டம் செய்யலாமே என்று தோன்றும். இங்கேதான் வாணிபச் சட்டம் குறுக்கிடுகிறது.

1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பது பற்றிய அனைத்துலக நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரித்த நாடுகள் 118. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, டின்னில் குழந்தைப் படம் கூடாது என்பன அதன் விதிகளுட் சில. சீனி கலந்த டின் பால் குழந்தை உணவுக்கு ஏற்றதன்று என்பதால், அதை அவ்வாறு கலக்கும் முறையை டின்னில் அச்சிடலாகாது என்றும் அது தனியே கூறுகிறது. நம் மலேசியா 1979-இலேயே இவ்வகையில் ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது பெருமைக்குரியது. ஆயினும் நெறிமுறை வேறு, சட்டம் வேறு. அனைத்துலக நெறிமுறையும் பரிந்துரையே; ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டாலன்றி அதற்கு வலுவில்லை.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா 1983-இல் அவ்வாறு சட்டம் செய்தது. குழந்தை முகத்தைத் தன் வாணிபச் சின்னமாகக் கொண்ட கெர்பர் என்னும் அமெரிக்க நிறுவனம், அந்தப் படத்தை எடுக்க மறுத்தது. சின்னம் எங்கள் சொத்து, அனைத்துலக வாணிப ஒப்பந்தம் அதைக் காக்கிறது என்பது அதன் வாதம். குவாத்தமாலாவுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரிச் சலுகைகள் போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்தது. 1995-இல் இறக்குமதிப் பொருள்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று முடிவாகி, படம் டின்னிலேயே தங்கியது. அந்த வாதம் சட்டப்படி சரியா என்பதை வழக்காடிப் பார்க்க ஏழை நாட்டுக்குப் பணமும் இல்லை, வக்கீல்களும் இல்லை. இதுபோல வழக்கே எழாமல், வழக்கு வரும் என்ற அச்சத்தாலேயே ஒரு நாடு தன் சட்டத்தை மெலிவித்துக்கொள்வதை ‘சட்டம் குளிர்ந்துபோதல்’ என்று ஆராய்ச்சியாளர் குறிப்பிடுகின்றனர்.

உண்மையில் வாணிபச் சட்டம் சுகாதாரத்துக்கு எதிரியன்று. 1995-இல் தோன்றிய உலக வாணிப நிறுவனத்தின் உடன்பாடுகள், மக்கள் உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் சட்டங்களுக்கு இடம் தருகின்றன. கேட்கப்படும் கேள்விகள் முக்கியமாக மூன்று: உள்நாட்டுச் சரக்கையும் வெளிநாட்டுச் சரக்கையும் சட்டம் ஒன்றாக நடத்துகிறதா? நோக்கத்தை அடையத் தேவையானதற்கு மேல் வாணிபத்தைத் தடுக்கிறதா? அனைத்துலகத் தர விதிகளைத் தழுவியதா? இரண்டாம் கேள்விக்கு விடை கூற ஆராய்ச்சிச் சான்று வேண்டும். சிகரெட் பெட்டியில் சின்னமும் வண்ணமும் கூடாதென்று ஆஸ்திரேலியா செய்த சட்டம் பல ஆண்டுகள் வழக்காடப்பட்டு, 2020-இல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் இரு தரப்பாரும் குவித்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் மலைபோல் இருந்தன. லாவோஸ் கரடியைப் பற்றிய கட்டுரையின் மதிப்பு இதனால் விளங்கும். அது நாளை ஒரு வழக்கில் சான்றாகலாம்.

மூன்றாம் கேள்வியில்தான் சிக்கல் மிகுதி. எது அனைத்துலகத் தரம்? 1963-இல் தொடங்கிய கோடெக்ஸ் என்னும் உணவுத் தர ஆணையம் வகுக்கும் விதிகளை வாணிப நிறுவனம் மதிக்கிறது. சுகாதாரப் பேரவையின் நெறிமுறைக்கு அதே மதிப்பு உண்டா என்பது வாதத்துக்குரியது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான தொடர்நிலைப் பால் மாவு தாய்ப்பாலுக்கு மாற்றானதன்று என்று கோடெக்ஸ் 1987-இல் எழுதிவைத்தது. ஆகவே, அதை விளம்பரம் செய்யத் தடையில்லை என்று விற்போர் கூறினர். மூன்று வயது வரைக்குமான பால் மாவும் மாற்றுணவே என்று சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 2016-இல் கூறியது. ஒரே மாவு ஓர் ஏட்டில் மாற்றுணவு, மற்றோர் ஏட்டில் மாற்றுணவன்று! கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் காத்ரின் ரஸ் முதலியோர் 2021-இல் வெளியிட்ட கட்டுரை, வாணிப நிறுவனக் கூட்டங்களின் பதிவுகளைப் படித்து, நெறிமுறையைச் சட்டமாக்க முயன்ற நாடுகளிடம் பிற நாடுகள் கோடெக்ஸைக் காட்டிக் கேள்வி எழுப்பிய வகையை விளக்குகிறது. நம் அண்டை நாடாகிய தாய்லாந்து 2017-இல் இத்தகைய சட்டம் இயற்றியபோதும் அக்கூட்டங்களில் கேள்விகள் எழுந்தன.

2018-இல் சுகாதாரப் பேரவையில் தாய்ப்பால் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவர இருந்த ஈக்குவடார் பின்வாங்கிற்று. அமெரிக்கா வாணிபத் தண்டனை பற்றி அச்சுறுத்தியதாக ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. அமெரிக்க அரசு குற்றச்சாட்டை மறுத்தது. தீர்மானத்தைப் பின்னர் ருஷ்யா முன்மொழிந்தது.

பால் மாவையே பழிப்பது என் நோக்கமன்று. தாயை இழந்த குழந்தைக்கும், ஊட்ட இயலாத தாயின் குழந்தைக்கும் முறைப்படி செய்த மாவு உயிர் காக்கும் பொருள். அத்தகைய தாயைக் குற்றவாளிபோல் பார்க்கும் சில ஆர்வலரின் போக்கும் எனக்கு உடன்பாடில்லை.

என் பாட்டியார் காலத்துத் தடையை நீக்கச் சின்னமும் விளம்பரமும் பற்றிய சட்டம் மட்டும் போதாது. தாய்க்கு ஓய்வு நாள் வேண்டும். தனியார் துறைத் தாய்மாரின் மகப்பேற்று விடுப்பு 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. இது அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு உடன்பாட்டில் கூறிய பதினான்கு வாரம். தாய்ப்பால் மட்டும் ஊட்டுமாறு மருத்துவர் கூறுவது ஆறு மாதம். எஞ்சிய பன்னிரண்டு வாரங்களில் அடுக்குமாடி வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறும் இளம் தாயின் குழந்தை என்ன குடிக்கிறது என்பதைப் பற்றி, நம் பயிற்சி ஆசிரியர்கள் தம் பள்ளிப் பகுதியிலேயே கேட்டு எழுதத் தொடங்கலாம். கேள்வித் தாள் ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும்.