எண்களும் மாந்தரும்: மட்டக்களப்பிலிருந்து சுகாதாரத் தரவை நோக்குதல்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வைகாசித் திங்களிற் கண்ணகை அம்மன் கோயில்களிற் சடங்கு நடைபெறும். அதன் நிறைவில் இடம்பெறும் குளிர்த்தி, தனியொருவரின் நோய் நீக்கத்துக்காக நிகழ்வதன்று. ஊர் முழுவதும் வெம்மையும் அம்மையும் நீங்கிக் குளிரவேண்டும் என்பதே வேண்டுதல். நோயின் காரணத்தை அம்மனின் சினத்திற் கண்டமை பிழையே. ஆயின், நோயைச் சமூகமாகவே எதிர்கொள்ள வேண்டும் என்ற உணர்வு பிழையானதன்று. இன்று சுகாதாரத் தரவு அறிவியல் என வழங்கும் துறையும் இவ்வுணர்வின் வழிவந்ததே எனலாம். பிறப்பு, இறப்பு, நோய், உணவு, மழை, தொழில் ஆகியன பற்றிய பதிவுகளைக் கணினியின் துணையுடன் இணைத்து, எந்நோய் யாரை, எங்கே, எதனாற் பீடிக்கின்றது எனக் காண்பது அதன் பணியாகும்.

இத்துறையின் வரலாறு கணினிக்கு முற்பட்டது. 1848இல் மேற் சிலேசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்த ருடோல்ஃப் ஃபிர்கோ, அதற்குப் பரிகாரமாகக் கல்வியையும் மக்களாட்சியையும் விதந்துரைத்தார். 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தின் முதற்பாகத்தில், தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளையும் பொதுச் சுகாதார அறிக்கைகளையும் மார்க்ஸ் விரிவாகப் பயன்படுத்தினார். அரசு தன் தேவைக்காகத் திரட்டிய எண்களைத் தொழிலாளர் பக்கம் நின்று வாசிக்க முடியும் என்பதை அந்நூல் மெய்ப்பித்தது. இலங்கையிலோ, பிறப்பு இறப்புப் பதிவு 1867இலும் முதலாவது குடிசனமதிப்பு 1871இலும் தொடங்கின. குடியேற்ற ஆட்சியின் நிர்வாகத் தேவைகளே அவற்றின் தோற்றுவாய். எனினும், அவை பிற்காலத்தில் வேறு பயன்களையும் தந்தன.

அதற்கு மலேரியாவே தக்க சான்று. 1934-35ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. கேகாலை, குருநாகல் பகுதிகளே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியமையால் நுளம்பு பெருகியது உண்மை. ஆயின், நிவாரணப் பணியில் இறங்கிய எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலிய சூரியமல் இயக்கத்தினர், பட்டினியால் நலிந்த உடல்களையே காய்ச்சல் கொன்றதைக் கண்டனர். மட்டக்களப்பு உள்ளிட்ட உலர் வலயத்திலோ மலேரியா ஓராண்டுக் கொள்ளைநோயாக வந்துபோகவில்லை; நிலைத்த நோயாகவே குடிகொண்டிருந்தது.

1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆயிருந்த இலங்கையின் மரண விகிதம், 1947இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. டி.டி.ரி. தெளித்தமையே காரணம் எனப் பலர் முடிவுகட்டினர். 1967இல் எஸ். ஏ. மீகம இதனை மறுத்தார். மலேரியா குறைவாயிருந்த மாவட்டங்களிலும் மரணம் வீழ்ந்ததே என்பது அவர்தம் வாதம். உணவும் வைத்தியசாலைகளின் பெருக்கமும் கருதப்படவேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளிடையே கண்ட மண்ணீரல் வீக்க விகிதத்தைக் கொண்டு மாவட்டங்களை ஒப்பிட்ட ஆய்வாளருள், பீற்றர் நியூமன் 1965இல் மலேரியா ஒழிப்பின் பங்கை 42 வீதம் எனக் கணித்தார், ஆர். எச். கிரே 1974இல் 23 வீதம் என்றார். ஒரே நாட்டின் பதிவுகள் இருவேறு விடைகளைத் தந்தமை நம் கவனத்துக்குரியது. மருந்து மட்டும் போதுமா, சோறும் மருத்துவிச்சியும் வேண்டுமா என்ற அரசியல் வினாவே இக்கணக்கினுள் உறைந்துள்ளது. 1963இல் வெறும் 17 நோயாளராகச் சுருங்கிய மலேரியா, கண்காணிப்புத் தளர்ந்தபின் 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேலாகப் பெருகியமை அவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. உள்நாட்டுத் தொற்று 2012இல் ஓய்ந்து, 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் நற்சான்று அளித்தமைக்கு, ஒவ்வொரு நோயாளரையும் தேடிப் பதிந்த உழைப்பே அடிப்படை.

மாவட்டங்களாக வகுத்தமையாற் புலனான உண்மைகள் இவை. மாவட்டமே இல்லாதுபோனால் என்னாகும்? குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட நாடுகளுள் ஒன்றாக 1985 முதல் இலங்கை உலகெங்கும் போற்றப்பட்டது. ஆனால் 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார அளவீடுகள் வடக்குக் கிழக்கு மாகாணங்களை விலக்கியே நடந்தன. 1991இற் குடிசனமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் மட்டக்களப்பு முழுமையாக எண்ணப்படவில்லை. 1981இலிருந்து 2012 வரை, 31 ஆண்டுகளாக, இம்மாவட்டத்துக்கு முழுமையான குடிசனமதிப்பு இல்லை. போர் மிக நலிவித்த மக்களை நீக்கிய சராசரியே தேசத்தின் சராசரியென அக்காலத்தில் வழங்கியது. அவ்வெண்கள் பொய்யல்ல, அவை முழு நாட்டைப் பற்றியனவும் அல்ல.

இன்று மாவட்டம் எண்ணப்படுகின்றது. எனினும் மாவட்டச் சராசரியும் மறைப்பனவற்றை உடையது. எழுவான்கரையிற் பட்டினமும் போதனா வைத்தியசாலையும் உள. படுவான்கரையில் வயலும் குளமும் கூலி விவசாயியும். மண்முனைத் துறையிற் பாலம் அமைந்ததே 2014இல்தான். அதுவரை பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணும் அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்துநின்றாள். இரு கரைகளையும் ஒரே எண்ணாகக் கூட்டினால், வாவியின் அகலம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். வயற்சேற்றில் நிற்போரைத் தாக்கும் எலிக்காய்ச்சலும் அத்தகையதே. நோயாளரின் தொழிலும் நிலவுரிமையும் பதியப்படாவிடின், வர்க்கத்தின் நோய் வானிலையின் நோயாகத் தோற்றமளிக்கும்.

கணினி இக்குறையைத் தானாகத் தீர்க்காது. கொரோனாத் தொற்றின்போது, 2020 சனவரியிலேயே, இலங்கையர் கட்டற்ற மென்பொருளொன்றை விரைந்து மாற்றியமைத்துக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தினர். அத்திறன் பாராட்டுக்குரியது. ஆயின், எம்மென்பொருளும் இறுதியில் வீடு வீடாய்ச் செல்லும் குடும்பநல மருத்துவிச்சியின் பதிவேட்டையே நம்பி நிற்பது. அவளது உழைப்பும், அவளுக்குக் கதவைத் திறக்கும் தாயின் நம்பிக்கையும் இல்லையேல் தரவு இல்லை. பெயர்ப்பட்டியல் என்றாலே அச்சம் கொள்ளப் போர்க்காலம் பழக்கிய மண்ணில் அந்நம்பிக்கை எளிதில் வாய்ப்பதன்று. திரட்டிய விபரம் யாரிடம் செல்கின்றது, என்ன பயன் தந்தது என்பதை மக்கள் அறியும் உரிமையே அதற்கு ஈடு.

எனவே நாம் வேண்டுவது மூன்று: கரைவாரியாகவும் தொழில்வாரியாகவும் பகுத்த கணக்கு; அக்கணக்கு கிராமத்துக்கே தமிழில் மீண்டு வருதல்; அதனைக் கொண்டு வைத்தியரையும் படகையும் நீரையும் கோரும் மக்கள் அமைப்பு. குளிர்த்தியில் ஊரெல்லாம் ஒன்றாய்க் கூடுவதுபோல் பதிவேட்டின் முன்னும் ஊர் கூடுமாயின், எண்கள் ஆள்வோரின் கருவியாக மட்டும் இரா.