வறுமையும் விலக்கலும்: மலையகத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

வறியோர் தம் வறுமை காரணமாகவே சமூகத்திலிருந்து விலக்கப்படுகின்றனர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கமாகும். இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை நோக்குமிடத்து இது தலைகீழான விளக்கம் என்பது புலனாகும். உழைப்பை மலிவாக வைத்திருப்பதற்கு விலக்கலே அங்கு கருவியாயிற்று.

தொடக்கத்தில் அக்கருவி கடனாக இருந்தது. தொழிலாளரின் கடனைக் குறித்த ‘துண்டு’, அது தீராமல் அவர்கள் வேறு தோட்டம் செல்வதைத் தடுத்தது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. லயக் காம்பரா நிலைத்தது. வேலையை இழப்பவர் கூரையையும் இழப்பார் எனில் கூலிப் பேரம் எவ்வளவு தூரம் செல்லும்?

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இத்தொழிலாளர் தமது பிரதிநிதிகளைத் தெரிவு செய்ததோடு, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வலுச் சேர்த்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தையும், தொடர்ந்து வாக்குரிமை பறிக்கப்பட்டதையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். இனவாதம் அங்கே வர்க்க நலனுக்குத் தொண்டு செய்தது.

நமக்கு, அதாவது முற்போக்காளருக்கு, சங்கடமான பகுதி இனித்தான் வருகின்றது. 1948இல் அச்சட்டத்தை எதிர்த்த இடதுசாரிக் கட்சிகள் 1970இல் அமைந்த ஆட்சியில் பங்காளிகளாயின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஆயினும் கொழுந்து பறித்தோர் நிலவுரிமை பெற்றாரல்லர். சில தோட்டங்களில் நிலம் அயற் கிராமத்தவர்க்குப் பகிரப்பட, தொழிலாளர் வெளியேற நேர்ந்தது. நிலமற்ற சிங்கள விவசாயியும் வறியவரே. ஒரு வறியவரின் பசியைத் தீர்க்க மற்றொரு வறியவரின் இருப்பிடம் எடுக்கப்பட்டது. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணி சுவீகரிப்பை எதிர்த்துத் திரண்டோர்மீது பொலிசார் சுட்டதில் இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். உடைமையாளர் மாறினரேயன்றி உற்பத்தி உறவுகள் மாறவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது.

எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. இன்று வாக்காளர் இடாப்பிற் பெயருண்டு. பெரும்பாலானோரது காம்பராவுக்கோ, அதனருகே மரக்கறி பயிரிடும் நிலத்துக்கோ காணி உறுதி கிடையாது. வங்கியிற் பிணைவைக்க ஏதுமற்ற குடும்பம், நோயோ கல்விச் செலவோ வருமிடத்து, அடகுக் கடையை அல்லது நுண்கடன் முகவரை நாட வேண்டியுள்ளது.