பின் சீட்டுக்காரரின் ஹேண்டில்பார்

இரண்டு பேர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளைப் பற்றி அடிக்கடி வரும் கேள்வி: "முன்னாடி இருக்கிறவர்தான் காத்தை வாங்கிக்கிறாரே, பின்னாடி இருக்கிறவர் எப்படி உட்கார்ந்தா என்ன?" பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

பின்னவருக்கு ஸ்டோக்கர் என்று பெயர். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவருக்கான சொல். வேலையும் கிட்டத்தட்ட அதேதான். அவருடைய ஹேண்டில்பார் திரும்பாது. முன்னவரின் சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு ஸ்டெம் வைத்து முடுக்கியிருப்பார்கள். திருப்புகிற வேலையே இல்லையே, எந்த வடிவத்திலும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் இடம் விடாது. குறுகலாக வைத்தால் முன்னவர் மிதிக்க மிதிக்க அவர் தொடை கையில் இடிக்கும். அகலமாக வைத்தால் முழங்கைகள் அவர் உடம்பின் மறைவைத் தாண்டி காற்றில் நீட்டிக்கொள்ளும். ரொம்பக் குனிந்தால் மூக்கு அவர் முதுகில்!

காற்று முன்னவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் தோளையும் இடுப்பையும் சுற்றி வந்து பின்னால் கலங்கிச் சுழல்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அவரைப் பின்னுக்கு இழுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பின்னவர் அந்த இடத்தில் நெருங்கிக் குனிந்தால் அழுத்தம் கொஞ்சம் ஏறி முன்னவருக்கும் சுமை குறைகிறது. நிமிர்ந்தால் தலையும் தோளும் நேராகக் காற்றில். மணிக்கு 30 கி.மீ. வேகத்தை 36 ஆக்க, காற்றை வெல்ல மட்டுமே சுமார் 1.7 மடங்கு சக்தி வேண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

பாராலிம்பிக் டேண்டம் பந்தயத்தில் பார்வைக் குறைபாடுள்ள வீரர் பின்னால், பார்வையுள்ள பைலட் முன்னால். 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் பிரிட்டனின் நீல் ஃபாச்சியும் பைலட் மேட் ரோதர்ஹாமும் 1 கி.மீ. தூரத்தை 58.038 விநாடியில் முடித்தார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பியும் சராசரி மணிக்கு 62 கி.மீ.! அந்த வேகத்தில் முழங்கை விரிந்தால் கடிகாரத்தில் தெரியும். பின்னவர் ஹேண்டில்பாரை விட்டு சைக்கிளின் சட்டத்தையே பற்றிக்கொண்டால் இழுவை இன்னும் குறைகிறது என்று காட்டிய ஆய்வும் உண்டு.

நாள்முழுக்க ஓட்டுபவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். பின்னவருக்குச் சாலை தெரியாது. குழி வருவது கை வழியாகத்தான் தெரியும், கை மாற்றிப் பிடிக்கவும் இடம் வேண்டும். முன்னோக்கி நீளும் மாட்டுக்கொம்பு வடிவம் நல்ல சமரசம். முடுக்குவதற்கு முன் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து, பெடலைப் பின்பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். தொடை இடிக்குதா இல்லையா என்று அப்பவே தெரிஞ்சிடும்.